வேப் (இ-சிகரட்) பழக்கத்தை நிறுத்த எது சரி: கொஞ்சம் கொஞ்சமாகவா, ஒரேயடியாகவா, நிக்கோடின் சூயிங்கமா?

முதலில் எல்லோருக்கும் பிடித்த வழி, கொஞ்சம் கொஞ்சமாகக் குறைப்பது. கேட்க நியாயமாகத்தான் இருக்கிறது. திரவம் ஊற்றி நிரப்பும் கருவி கையில் இருந்தால் ஓரளவு சரியும் வரும்: மில்லிலீற்றருக்கு 20 மில்லிகிராம் நிக்கோடின், அப்புறம் 10, அப்புறம் 6, 3 என்று இறங்கலாம். ஆனால் நம் மலையகப் பொடியன்கள் கையில் இருப்பது பெரும்பாலும் டிஸ்போசபிள், அதாவது நிரப்ப முடியாத, முடிந்ததும் எறிகிற வகை. பெட்டியில் 5 சதவீதம் என்று போட்டிருந்தால் மில்லிலீற்றருக்கு 50 மில்லிகிராம் நிக்கோடின், அதை உள்ளே கைவைத்துக் குறைக்க வழியே இல்லை. போதாததற்கு இலங்கையில் இ-சிகரட்டின் இறக்குமதியும் விற்பனையும் 2016இலேயே தடை, ஆக வருவதெல்லாம் ஒளித்து வருகிற சரக்கு, பெட்டியில் எழுதியிருப்பதற்கு யார் பொறுப்பு?

இன்னொன்று, சிகரட் எரிந்து முடிகிறது, வேப் முடிவதில்லை. "இன்றைக்குப் பாதிதான்" என்றால் எதில் பாதி? அதுவும் நுவரெலியாவில் மார்கழிப் பனியில் பஸ் ஹோல்ட்டில் நிற்கிற எல்லோர் வாயிலும்தான் புகை வருகிறது, யார் இழுத்தது, எத்தனை தடவை இழுத்தது என்று இழுத்தவனுக்கே தெரியாது. குறைத்தே தீருவேன் என்பவர்கள் இழுப்பை எண்ணுவதை விட்டுவிட்டு இடத்தையும் நேரத்தையும் குறையுங்கள். எழும்பி முதல் ஒரு மணித்தியாலம் இல்லை, படுக்கையில் இல்லை, கருவி காற்சட்டைப் பையில் இல்லை, அலுமாரியில்.

ஒரேயடியாக நிறுத்துவது செலவில்லாத வழி. இரத்தத்தில் உள்ள நிக்கோடின் சுமார் இரண்டு மணித்தியாலத்தில் பாதியாகிவிடும், அதனால்தான் காலையில் எழும்பியதும் கை தேடுகிறது. எரிச்சல், தூக்கமின்மை, கண்டபடி பசி, வேலையில் மனம் நிற்காமை, இதெல்லாம் இரண்டாம் மூன்றாம் நாளில்தான் உச்சம், இரண்டு முதல் நாலு வாரத்தில் படிப்படியாக அடங்கும். தீபாவளிக்கு வீட்டுக்குப் போய் அங்கே விடலாம் என்று நிறையப் பேர் நினைக்கிறார்கள். எனக்கு அது நல்ல யோசனையாகப் படவில்லை. கொழும்பில் வேலை செய்கிற கூட்டாளிகள் எல்லோரும் அன்றைக்குத்தான் தோட்டத்துக்கு வருவார்கள், ஆளுக்கொரு வேப்போடு. சாதாரண வாரம் ஒன்றைப் பாருங்கள்.

என் வாக்கு மூன்றாவதுக்கு: நாள் குறித்து வேப்பை முழுதாக நிறுத்திவிட்டு, நிக்கோடின் சூயிங்கமையோ தோலில் ஒட்டும் நிக்கோடின் பேட்சையோ வைத்துச் சமாளிப்பது. அளவு தெரிந்த நிக்கோடின் கிடைக்கிறது, அதைக் குறைத்துக்கொண்டே வரலாம், டிஸ்போசபிளில் முடியாதது இங்கே முடிகிறது. எழும்பி அரை மணித்தியாலத்துக்குள் வேப் தேடுகிறவருக்குப் பொதுவாக 4 மில்லிகிராம் சூயிங்கம், மற்றவருக்கு 2. ஆனால் பபிள்கம் மாதிரி விடாமல் மென்றால் விக்கலும் வயிற்றெரிச்சலும்தான் மிச்சம். மெதுவாக மென்று, நாக்கில் காரம் ஏறியதும் நிறுத்தி, கன்னத்துக்கும் ஈறுக்கும் நடுவில் ஒதுக்கி வையுங்கள், காரம் போனதும் திரும்ப மெல்லலாம். நிக்கோடின் வாய்க்குள்தான் ஊறவேண்டும். அதனால் மெல்லுவதற்கு 15 நிமிடம் முன்னாலும் மெல்லும்போதும் எதுவும் சாப்பிடக் குடிக்கக் கூடாது, தேத்தண்ணியும் சேர்த்துத்தான். நம் ஊரில் அதுதான் பெரிய தவம்! ஹட்டனிலோ பதுளையிலோ எல்லா பார்மசியிலும் இருக்கும் என்று நம்பிப் பஸ் ஏறாதீர்கள், போன் பண்ணிக் கேட்டுவிட்டுப் போங்கள். கர்ப்பிணிகளும் இருதய நோய் உள்ளவர்களும் டொக்டரைக் கேட்காமல் தொடவேண்டாம்.

சிகரட்டை விடுவதற்கு டொக்டர் எழுதித் தரும் வரனிக்ளின் மாத்திரையும் உண்டு. வேப் விடுவதற்கும் அது உதவக்கூடும் என்று 2025இல் வந்த காக்ரேன் ஆய்வுத் தொகுப்பு சொல்கிறது, ஆனால் ஆதாரம் இன்னும் குறைவு.

யாரும் வழி என்று சொல்லாத, ஆனால் பலர் போய் விழுகிற ஒன்றும் இருக்கிறது: வேப்பை விட்டுவிட்டு வெற்றிலைக்கோ ஒற்றைச் சிகரட்டுக்கோ மாறுவது. "பாட்டியே போடுகிறாள், வெற்றிலையில் என்ன?" என்பார்கள். புகையிலை சேர்க்காவிட்டாலும் பாக்கே புற்றுநோய் தருவது என்று உலக சுகாதார அமைப்பின் புற்றுநோய் ஆய்வு முகவரகம் வகைப்படுத்தியிருக்கிறது. சிகரட்டில் அதே நிக்கோடினோடு தாரும் கார்பன் மொனொக்சைட்டும் சேர்ந்து வரும். இந்த இரண்டுக்கும் மாறுவதைவிட, சூயிங்கம் கிடைக்கும்வரை வெறும் கராம்பை வாயில் போட்டுக்கொண்டு புகைப்பழக்கத்தை விட உதவும் 1948 என்ற தொலைபேசி எண்ணுக்கு ஒரு கோல் எடுத்துப் பேசிப் பாருங்கள்.