பழைய பாய்லரை எடுத்து கீசர் மாட்டிய குழு: எங்கள் தண்டையார்பேட்டை வீட்டு அனுபவம்

எந்த கீசர் நல்லது என்று தேடி வந்தவர்கள் கொஞ்சம் பொறுத்துக்கொள்ளுங்கள், அது கடைசியில் வரும். நான் எழுத வந்தது பழையதைக் கழற்றிய வேலையைப் பற்றி. புதிதாக ஒன்றை மாட்டுவதற்கு நூறு பேர் கிடைப்பார்கள். கல்நார், அதாவது ஆஸ்பெஸ்டாஸ், இருக்கிற இடத்தில் பழையதைப் பத்திரமாக எடுக்க ஆள் தேடியபோதுதான் நான் அலைந்து போனேன்.

வீடு மாமனாரின் அப்பா கட்டியது. முன்பக்கம் மெட்ராஸ் டெரஸ், பின்கட்டில் சமையலறையும் குளியலறையும் பிற்பாடு சேர்த்தவை, அவற்றுக்கு ஆஸ்பெஸ்டாஸ் ஷீட் கூரை. குளியலறை மூலையில் ஒரு செம்பு பாய்லர். நடுக்குழாயில் கொட்டாங்குச்சியும் சிராயும் போட்டுப் பற்றவைத்தால் சீக்கிரமே தண்ணீர் கொதித்துவிடும், மேலே புனலில் ஒரு சொம்பு பச்சைத்தண்ணீர் ஊற்றினால் பக்கத்து மூக்கு வழியாக ஒரு சொம்பு வெந்நீர் வரும். அத்தைக்கு 74 வயது, மூட்டுவலி, மார்கழி விடியலில் வெந்நீர் இல்லாமல் அவரால் முடியாது. ஆனால் அந்தப் புகை பையனுக்கு ஒத்துக்கொள்ளவில்லை, ஒவ்வொரு குளிர்காலமும் வீசிங் வந்து நெபுலைசர் வரை போய்விடும். அதனால்தான் எடுத்துவிடலாம் என்று முடிவு செய்தோம்.

முதலில் ஒரு கடையில் கீசர் வாங்கினால் மாட்டித் தருவது இலவசம் என்றார்கள், சரி என்று வரச்சொன்னேன். இரண்டு பையன்கள் வந்தார்கள், கையில் சுத்தியல், உளி. பாய்லரின் புகைக்குழாய் மேலே ஷீட்டைத் துளைத்துக்கொண்டு போகிறது, அது ஏசி பைப், அதாவது அதுவும் கல்நார் கலந்த சிமெண்ட்தான். ஒருவன் ஏணியில் ஏறி அந்தக் குழாயை நாலு தட்டு தட்டினான். துண்டாக உடைந்து விழுந்து, அறை முழுக்க வெள்ளைத் தூசி. மற்றவன் துடைப்பத்தை எடுத்துப் பெருக்க ஆரம்பித்தான். அப்போதுதான் எதிர்வீட்டுத் தாத்தா திண்ணையிலிருந்து ஓடிவந்தார், கப்பல் பாய்லர் ரிப்பேர் வேலையில் இருந்து ஓய்வு பெற்றவர். "ஏம்மா, பெருக்க விடாதே, கதவைச் சாத்திட்டு எல்லாரும் வெளியே வாங்க" என்று சத்தம் போட்டார். குழாய் பாய்லரோடு சேரும் இடத்தில் சாம்பல் நிறத்தில் ஒரு கயிறு சுற்றியிருந்ததை வாசலில் நின்றே காட்டினார். அது கல்நார் கயிறு. சுவர் சூடாகாமல் இருக்கப் பின்னால் ஒரு அட்டையும் வைத்திருந்தார்கள், அதுவும் கல்நார் அட்டைதான் என்றார். இத்தனை வருடமாக நாங்கள் அதன் மேல் துண்டு காயப் போட்டிருக்கிறோம்.

அந்தப் பையன்கள் மேல் எனக்குக் கோபம் இல்லை, அவர்களுக்கு யாரும் சொல்லித் தரவில்லை, மூக்கில் ஒரு துணிகூட இல்லாமல் நின்றார்கள். சுத்தியலும் உளியும் கொடுத்து அவர்களை அனுப்பிய கடை மேல்தான் கோபம். கூப்பிட்டுக் கேட்டால், "ஊரெல்லாம் இந்த ஷீட்தானே மேடம், யாருக்கு என்ன ஆச்சு" என்று பதில். ஆவது உடனே தெரியாது என்பதுதான் இதில் கொடுமை. தலைமுடியைவிடப் பல மடங்கு மெலிதான இழை, மூச்சில் உள்ளே போனால் நுரையீரலில் தங்கிவிடும், நோய் தெரிய 20 வருடம், 40 வருடம்கூட ஆகலாம். நுரையீரல் தழும்பேறுவது, நுரையீரல் புற்றுநோய், நுரையீரலைச் சுற்றியிருக்கும் சவ்வில் வரும் மீசோதீலியோமா என்ற புற்றுநோய் எல்லாம் இதனால் வருகிறது. இத்தனை இருந்தால் ஆபத்தில்லை என்று சொல்லக்கூடிய அளவே கிடையாது என்கிறது உலக சுகாதார நிறுவனம். 1995-இல் நம் சுப்ரீம் கோர்ட் கல்நார்த் தொழிலாளர்களின் உடல்நலப் பதிவுகளை, வேலையில் சேர்ந்ததிலிருந்து 40 வருடம் அல்லது ஓய்வுக்குப் பிறகு 15 வருடம், எது பிந்தியதோ அதுவரை வைத்திருக்க வேண்டும் என்று சொன்னதே இதனால்தான். ஆனாலும் இந்த ஷீட்டை நம் ஊரில் இன்றைக்கும் சட்டப்படி வாங்கலாம், விற்கலாம்.

அன்று இரவு இங்கிலாந்தில் இருக்கும் அக்காவிடம் போனில் சொன்னேன். அவள் வீடு 1960-களில் கட்டியது, போன வருடம்தான் ஹீட்டிங் பாய்லரை மாற்றினாள். அங்கே குளிருக்கு வீடு முழுக்க ரேடியேட்டர், அதற்கெல்லாம் ஒரே பாய்லர்தான் சூடு கொடுக்கும். மாற்ற வந்தவர் பாய்லர் அலமாரியின் உள்பலகையைப் பார்த்ததுமே கருவியைப் பைக்குள் வைத்துவிட்டாராம். மாதிரி எடுத்துப் பரிசோதனைக்கு அனுப்பி, கல்நார் பலகை என்று முடிவு வந்து, உரிமம் பெற்ற ஆட்கள் வந்து எடுத்த பிறகுதான் அவர் திரும்பி வந்தார். அந்த நாட்டில் நீலக் கல்நாரையும் பழுப்புக் கல்நாரையும் 1985-இல் தடை செய்தார்கள், வெள்ளையை 1999-இல். அதனால் 2000-க்கு முன் கட்டிய வீடு என்றாலே முதலில் சந்தேகப்பட்டுத்தான் கை வைப்பார்களாம். "உன் வீட்டுக் கயிறும் அட்டையும்தான் ஷீட்டைவிட மோசம்" என்று அவள் சொன்னது எனக்குப் புது விஷயம். ஷீட்டில் இழை சிமெண்டோடு இறுகிக் கிடக்கும், உடைத்தால், அறுத்தால், தேய்த்தால்தான் கிளம்பும். கயிறும் அட்டையும் பழசாகிவிட்டால் விரல் பட்டாலே உதிரும்.

ஒரு வாரம் குளியலறையைப் பூட்டி, கதவு இடுக்கில் ஈரத்துணி அடைத்து வைத்தோம், அடுத்த தெருவில் நாத்தனார் வீட்டுக்குப் போய்க் குளித்தோம். கடைசியில் தாத்தாதான் மணலி பக்கம் தொழிற்சாலைக் கூரை வேலை செய்யும் ஒரு குழுவைப் பிடித்துக் கொடுத்தார். நான்கு பேர். சின்ன வேலை என்று முதலில் தயங்கினார்கள், கயிறும் அட்டையும் இருக்கிறது என்றதும் மேஸ்திரி நேரில் வந்து பார்த்தார். அவர் கேட்ட கேள்விகளிலேயே எனக்குப் பாதி நிம்மதி வந்துவிட்டது. எங்கே உடைந்தது, பெருக்கினீர்களா, ஃபேன் போட்டீர்களா, அன்று போட்டிருந்த துணியை என்ன செய்தீர்கள் என்று ஒவ்வொன்றாகக் கேட்டுக் குறித்துக்கொண்டார்.

வேலை நாளில் என்னையும் அத்தையையும் பையனையும் காலையிலேயே வெளியே அனுப்பிவிட்டார்கள், வீட்டுக்காரர் மட்டும் வாசலில் இருந்தார். குளியலறைக் கதவுக்குக் கனமான பாலிதீன் ஷீட் ஒட்டினார்கள். உடம்பு முழுக்க மூடும் ஒருமுறை உடை, மெல்லிய தூசியையும் தடுக்கும் எஃப்.எஃப்.பி.3 மாஸ்க். அதில் ஒரு தம்பி முந்தின நாள் வரை தாடியோடு இருந்தவன், தாடி இருந்தால் மாஸ்க் முகத்தோடு ஒட்டாது என்று மழித்துவிட்டு வந்திருந்தான். செடிக்கு மருந்து அடிக்கும் கைப்பம்பில் தண்ணீரும் கொஞ்சம் சோப்பும் கலந்து, தரையில் கிடந்த தூசி, கயிறு, அட்டை எல்லாவற்றையும் ஊற ஊற நனைத்தார்கள். கயிற்றைப் பிய்க்காமல், ஈரத்தோடு அப்படியே சுருட்டிப் பையில் போட்டார்கள். பிறகு கூரை. ஷீட்டைப் பிடித்திருக்கும் கொக்கி போன்ற ஜே போல்ட் துருப்பிடித்து இறுகியிருந்தது, கிரைண்டர் வைத்து அறுத்தால் இரண்டு நிமிட வேலை, ஆனால் அவர்கள் எண்ணெய் விட்டுக் காத்திருந்து, வராததை மட்டும் போல்ட் கட்டரால் நறுக்கினார்கள். பழைய ஷீட் மேல் யாரும் கால் வைக்கவில்லை, பலகை போட்டு அதன் மேல்தான் நின்றார்கள். குழாய் துளைத்துப் போன ஷீட்டையும் பக்கத்து ஷீட்டையும் முழுசாக, உடையாமல் கீழே இறக்கினார்கள். மதியம் வரை அதற்கே சரியாக இருந்தது.

சுத்தம் செய்ததைத் தனியாகச் சொல்ல வேண்டும். துடைப்பம் இல்லை, வீட்டு வேக்குவம் கிளீனரும் கூடாது என்றார்கள், அது மெல்லிய இழையைப் பின்பக்கம் வழியாக அறைக்குள்ளேயே ஊதிவிடுமாம். ஈரத்துணியால் மேலிருந்து கீழே துடைத்து, ஒவ்வொரு துணியையும் பையிலேயே போட்டு, பையை இரட்டையாகக் கட்டி டேப் ஒட்டினார்கள். சமையலறை மேல் ஷீட்டையும் எடுத்துவிடலாமா என்று கேட்டேன். "அது நல்லாத்தான் இருக்கு அக்கா, சும்மா எதுக்குத் தொடணும், பாசியைத் தேய்ச்சுக் கழுவாம இருந்தா போதும்" என்றார் மேஸ்திரி. இன்னும் ஆறு ஷீட்டுக்குக் கூலி வாங்கியிருக்கலாம், வாங்கவில்லை. இதற்காகவே இந்தக் குழுவை யாருக்கும் சொல்வேன்.

குறை இல்லாமல் இல்லை. சொன்ன தேதிக்கு நான்கு நாள் தள்ளி வந்தார்கள், போன் எடுக்கவே மாட்டார்கள். பெரிய குறை, கழிவுக்குக் கையில் ஒரு காகிதம் தரவில்லை. கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் அபாயக் கழிவைப் புதைக்கும் மையம் இருக்கிறது, தொழிற்சாலை வேலையில் வரும் கழிவோடு சேர்த்து எங்கள் மூட்டையும் அங்கே போகும் என்றார்கள், டெம்போவில் ஏற்றிய படத்தையும் அனுப்பினார்கள். நம்புகிறேன். ஆனாலும் ரசீது வேண்டும். ஏனென்றால் வட சென்னையில் உடைந்த ஷீட் எங்கே போய்ச் சேரும் என்று எல்லோருக்கும் தெரியும், பக்கிங்ஹாம் கால்வாய்க் கரையிலும் கொடுங்கையூர் பக்கமும் குவிந்து கிடப்பதைப் பார்த்துக்கொண்டுதான் போகிறோம். அதன் மேல் பிள்ளைகள் ஏறி விளையாடுகிறார்கள். என் வீட்டுத் தூசி இன்னொரு வீட்டுப் பிள்ளையின் மூச்சில் போகக்கூடாது.

இப்போது கீசர். 25 லிட்டர் ஸ்டோரேஜ், 2 கிலோவாட், ஐந்து ஸ்டார். எங்கள் போர் தண்ணீர் உப்பு, அதனால் உள்டேங்க் கண்ணாடிப் பூச்சு உள்ளதாகவும் மெக்னீசியம் ராடு உள்ளதாகவும் பார்த்து வாங்கினோம், டேங்க் அரிக்காமல் இருக்க அந்த ராடு தான் கரைந்து போவதற்காகவே இருக்கிறது, வருடம் ஒருமுறை கழற்றிப் பார்க்க வேண்டும். பழைய சுண்ணாம்புச் சாந்துச் சுவர், தண்ணீரோடு 35 கிலோ வரை கனக்கும் கீசரை சாதாரண ஆங்கர் போல்ட் தாங்காது என்று சுவரின் மறுபக்கம் வரை போல்ட் விட்டு, அங்கே இரும்புப் பட்டை வைத்து இறுக்கினார்கள். மெயின் போர்டிலிருந்து தனியாக 4 ஸ்கொயர் எம்எம் செம்பு வயர், கரண்ட் அதிகமானால் தானே அணையும் 20 ஆம்ப் எம்சிபி, கசிவு இருந்தால் அணையும் 30 மில்லிஆம்ப் ஆர்சிசிபி, எர்த். வயரைச் சுவரில் கிளிப் அடித்தது மட்டும் கோணல்மாணல், நானே ஆள் வைத்துச் சரிசெய்தேன். டேங்க் முழுவதையும் 28 டிகிரியிலிருந்து 60 டிகிரிக்குக் கொண்டுபோக ஒரு யூனிட்டுக்குக் கொஞ்சம் குறைவாகத்தான் ஆகிறது, அரை மணிக்குள் ரெடி. அத்தைக்கு முதல் வாரம் பிடிக்கவில்லை, பாய்லர் வெந்நீரின் மணம் இதில் இல்லை என்றார். இப்போது சுவிட்சைத் தானே போட்டுக்கொள்கிறார்.

செலவு: கீசர் 9,800, பாய்லரும் கல்நாரும் எடுத்தது 14,000, குளியலறைக்குப் புது தகரக் கூரை 6,500, வயரிங் 4,200. எடுத்த செலவுதான் அதிகம் என்று வீட்டுக்காரர் முதலில் முணுமுணுத்தார், வேலையைக் கண்ணால் பார்த்த பிறகு ஒன்றும் சொல்லவில்லை.

கூப்பிடுகிறவர்கள் மழைக்காலத்துக்கு முன்பே கூப்பிடுங்கள், ஐப்பசி வந்துவிட்டால் கூரையில் ஏற மாட்டார்கள். கழிவுக்கு ரசீது வேண்டும் என்று முன்பணம் கொடுக்கும்போதே பேசிவிடுங்கள். செம்பு பாய்லரை ஈரத்துணியால் துடைத்துத் திருப்பித் தந்துவிட்டார்கள், பழைய பாத்திரக் கடைக்குப் போட அத்தை சம்மதிக்கவில்லை, இப்போது முற்றத்தில் இருக்கிறது.