டேட்டாடேபிள்ஸ்: க்வெரி முடிவைக் காட்ட இன்றும் இதுதான் என் முதல் தேர்வு

பிஎச்பி, மைஎஸ்க்யூஎல் வைத்து அலுவலக மென்பொருள் எழுதுகிற யாருக்கும் இந்தத் தேவை வரும். டேட்டாபேஸுக்கு க்வெரி, அதாவது கேள்வி, அனுப்பினால் பத்துப் பன்னிரண்டு நெடுவரிசைகளோடு ஒரு பட்டியல் வருகிறது, அதைப் பக்கத்தில் காட்ட வேண்டும், பார்ப்பவர் தேட வேண்டும், தலைப்பைத் தட்டினால் அடுக்கு மாற வேண்டும். இதையெல்லாம் கையால் எழுதிக்கொண்டிருக்க வேண்டாம், டேட்டாடேபிள்ஸ் என்ற ஜாவாஸ்க்ரிப்ட் நூலகத்தை எடுத்துக்கொள்ளுங்கள். எம்ஐடி உரிமத்தில் இலவசம். பட்டியலிலேயே தரவைத் திருத்த உதவும் எடிட்டர் என்ற பகுதிக்குக் காசு. 2024ல் வந்த 2ஆம் பதிப்பும்கூட ஜேக்வெரி என்ற இன்னொரு ஜாவாஸ்க்ரிப்ட் நூலகம் இல்லாமல் ஓடாது.

சில ஆயிரம் வரிசைகள் வரை முழுப் பட்டியலையும் பிரவுசருக்கே அனுப்பிவிடலாம், தேடலும் அடுக்கலும் அங்கேயே நடக்கும், வேகமாகவும் இருக்கும். லட்சக்கணக்கில் போனால் சர்வர் பக்க முறைக்கு மாறியே ஆக வேண்டும். ஒவ்வொரு பக்கத்துக்கும் எங்கிருந்து தொடங்க வேண்டும், எத்தனை வரிசை வேண்டும், எந்த நெடுவரிசைப்படி அடுக்க வேண்டும் என்று டேட்டாடேபிள்ஸ் சர்வரிடம் கேட்கும். நாம் அந்தத் துண்டையும், மொத்த எண்ணிக்கையையும், தேடலுக்குப் பின் மிஞ்சிய எண்ணிக்கையையும் ஜேசன் என்ற தரவு வடிவில் திருப்பித் தர வேண்டும். இந்த எண்ணிக்கைதான் பெரிய டேபிள்களில் நேரத்தைத் தின்னும், ஏனென்றால் மைஎஸ்க்யூஎல் தரவைச் சேமிக்கும் எஞ்சினான இன்னோடிபியில் எண்ணுவது என்றால் இண்டெக்ஸ் முழுவதையும் நடந்து பார்ப்பதுதான்.

பாதுகாப்பில் மட்டும் கொஞ்சமும் அலட்சியம் வேண்டாம். அடுக்க வேண்டிய நெடுவரிசையின் பெயர் பிரவுசரிலிருந்து வருகிறது, அதை அப்படியே க்வெரியில் அடுக்கச் சொல்லும் ஆர்டர் பை-க்குள் ஒட்டினால் எஸ்க்யூஎல் இன்ஜெக்‌ஷனுக்கு, அதாவது வெளியாள் தன் கட்டளையை க்வெரிக்குள் நுழைப்பதற்கு, கதவைத் திறந்துவிட்டதாகத்தான் அர்த்தம். மதிப்புகளைத் தனியாக அனுப்பும் ப்ரிப்பேர்டு ஸ்டேட்மென்ட் அந்த மதிப்புகளைத்தான் காக்கும், நெடுவரிசைப் பெயரைக் காக்காது, அதனால் அனுமதித்த பெயர்களின் பட்டியல் ஒன்றை நாமே வைத்துக்கொள்ள வேண்டும். அப்புறம், ஜேசனில் வருவதை டேட்டாடேபிள்ஸ் எச்டிஎம்எல் ஆகவே செல்லில் போடும், அதில் யாராவது ஸ்க்ரிப்ட் ஒளித்திருந்தால் அதுவும் ஓடிவிடலாம். பயனர் தட்டச்சு செய்த பெயர், முகவரி எல்லாவற்றுக்கும், வெறும் எழுத்தாகவே காட்டும் ரெண்டர் டெக்ஸ்ட் வசதியைக் கட்டாயம் போடுங்கள்.

க்வெரியில் ஒரு நெடுவரிசையின் பெயரை மாற்றிவிட்டுப் பக்கத்தில் மாற்றாமல் விட்டால், தெரியாத அளவுருவைக் கேட்டதாக ஒரு அலர்ட் பெட்டி வாடிக்கையாளர் முகத்துக்கு நேரே எழும். மென்பொருளை உருவாக்கும்போது அது நல்லதுதான், லைவில் அந்த எச்சரிக்கையை பிரவுசரின் கன்சோலுக்கு மாற்றிவிடுங்கள்.

செல்போனுக்கு ரெஸ்பான்சிவ் நீட்சி நன்றாகவே வேலை செய்கிறது: இடமில்லாத நெடுவரிசைகளை மறைத்து, வரிசையின் முதல் செல்லைத் தட்டினால் கீழே விரிக்கும். ஆனால் கணக்கு அறிக்கைகளுக்கு எனக்கு அது பிடிக்காது, எண்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால்தான் ஒப்பிட முடியும், அங்கே முதல் நெடுவரிசையை நிறுத்திவிட்டு மற்றதை நகர்த்துகிற ஃபிக்ஸ்டுகாலம்ஸ் நீட்சிதான் சரி.

பொத்தான்களுக்கும் செய்திகளுக்கும் தமிழ் மொழிக்கோப்பு இருக்கிறது. தமிழ்ப் பெயர்களை அடுக்குவதில்தான் கவனம் தேவை. இன்னும் பலர் விடாமல் வைத்திருக்கும் 1.10 பதிப்பு யூனிகோடு எண்படி அடுக்கும், அதனால் ள-வுக்குப் பின் வர வேண்டிய ற, ர முடிந்ததுமே வந்துவிடும். மொழிக்கேற்ப அடுக்கும் இன்டில் (Intl) ப்ளகினைச் சேர்த்தால் தீரும். சர்வர் பக்க முறையில் அடுக்குவது டேட்டாபேஸ், அங்கே எழுத்துகளை எப்படி அடுக்குவது என்று சொல்லும் கொலேஷனைத்தான் பார்க்க வேண்டும்.