காளையைக் காட்டுவதா, மீன் எலும்பைக் காட்டுவதா?

“குரங்கிலிருந்து மனிதன் வந்தான் என்றால், குரங்கு ஏன் இன்னும் இருக்கிறது மாப்பிள்ளை?” கண்ணபுரம் மாட்டுச் சந்தையில் மாமா கேட்டார். கடவுளே எல்லாவற்றையும் இப்படியே படைத்தார் என்பது அவர் நம்பிக்கை. பங்காளி கணக்குச் சொன்னேன்: ஒரே பாட்டனிலிருந்து இரண்டு குடும்பங்கள் பிரிந்தால், ஒன்று இருப்பதால் மற்றது அழிந்துவிடுமா?

அடுத்து, பரிணாமத்துக்குச் சான்று. எதிரிலேயே காங்கேயம் காளை நின்றது. திமிலும் கொம்பும் இழுவைத் திறனும் பார்த்து, தலைமுறை தலைமுறையாகப் பொலிகாளையைத் தேர்ந்தெடுத்து, மந்தையையே மாற்றியவர்கள் நம் விவசாயிகள். மாமாவுக்கு உடனே பிடிபட்டது. (செம்பழுப்பாகப் பிறக்கும் கன்று சில மாதங்களில் சாம்பல் நிறமாவதைச் சான்றாகச் சொல்லிவிடாதீர்கள். அது ஓர் உயிரின் வளர்ச்சி. பரிணாமம் என்பது மந்தையே தலைமுறைகளில் மாறுவது.) ஆனால் “மாடு மாடாகத்தானே இருக்கிறது?” என்ற மறுகேள்விக்குக் காளையிடம் பதில் இல்லை.

டிக்டாலிக்கிடம் இருக்கிறது. சுமார் 37.5 கோடி ஆண்டுகளுக்கு முந்தைய மீன். செதிலும் செவுளும் உண்டு. கூடவே கழுத்தும், துடுப்புக்குள் மணிக்கட்டு போன்ற எலும்புகளும். எந்த வயதுப் பாறையில் இப்படி மீனுக்கும் நிலத்து விலங்குக்கும் இடைப்பட்ட ஓர் உயிரின் எலும்பு கிடைக்கும் என்று முன்கூட்டியே கணித்துத் தேடி, 2004இல் கனடாவின் ஆர்க்டிக் பகுதியில் எடுத்தார்கள். எனக்கு இதுவே வலுவான சான்று. ஆனாலும் காளையில்தான் தொடங்குவேன். மாமா தொட்டுப் பார்த்தது அதைத்தான். மீன் படத்தைக் கைபேசியில் காட்டியபோது தம் மணிக்கட்டை ஒருமுறை திருப்பிப் பார்த்துக்கொண்டார்.