பினாங்கு லிட்டில் இந்தியா: அஞ்சடிக்கு எத்தனை மார்க்?

மலேசியாவின் பினாங்கில், ஜார்ஜ் டவுன் லிட்டில் இந்தியாவில் சேலை எங்கே மலிவு, வடை எங்கே சூடு என்று சொல்ல நிறையப் பேர் இருக்கிறார்கள். இங்கே மதிப்பிடுவது கடைகளுக்கு முன்னால் ஓடும் ‘அஞ்சடி’ என்ற நடைவழியை. லெபோ பாசார், லெபோ குயின், லெபோ பினாங்கு மூன்று தெருக்களுக்கும் சேர்த்து 5-க்கு 3.

மாடி முன்னால் நீட்டிக்கொண்டிருக்க, அதன் கீழே 5 அடி நடைவழி, சுமார் ஒன்றரை மீட்டர். நிலம் கடைக்காரருடையது, நடக்கும் உரிமை எல்லாருக்கும். 2 அடி மேசை போட்டால் 3 அடி மிஞ்சும்; சக்கர நாற்காலிக்கு அதற்குக் குறைந்தால் ஆகாது. எதிரே தூண் வந்துவிட்டால் அதுவும் போச்சு. மோட்டார் சைக்கிளைக் குறுக்கே நிறுத்தினால் ரோட்டில் இறங்க வேண்டியதுதான்.

பூக்கட்டும் அம்மா உட்கார்ந்திருக்கும் இடத்தைப் பாருங்கள். அவரும் 2 அடிதான் எடுத்துக்கொள்கிறார். பிள்ளையைத் தள்ளுவண்டியில் வைத்து யாராவது வந்தால் முழங்காலை மடக்கி, வாளியை உள்ளே இழுத்து, கையிலிருக்கும் நாரை விடாமலே வழி விடுகிறார். அட்டைப்பெட்டி அப்படி நகராது. ஆள் இருக்கும் இடத்தில் குப்பை தேங்காது, வழி கேட்டால் பதில் கிடைக்கும், பிள்ளை ரோட்டுக்கு ஓடினால் அதட்ட ஒரு குரல் இருக்கும். அந்த 3 மார்க்கும் இப்படி உட்கார்ந்து தொழில் செய்பவர்களுக்காகத்தான்.

மார்க் குறைவது தரையில். ஒவ்வொருவரும் தன் தரையை இஷ்டத்துக்கு உயர்த்தியதால் கடைக்குக் கடை ஒரு படி. கடை விளக்கு எரியும்வரை படி தெரியும், அடைத்தபின் கால் இடறும். இரவில் மேசையெல்லாம் உள்ளே போய் 5 அடியும் காலியாகக் கிடக்கும். அப்போதுதான் ஜனம் நடுரோட்டில் நடக்கிறது. இருட்டில் யாருமில்லாத அஞ்சடிக்குள் நுழைய மனம் வருவதில்லை.

இது 2008-இல் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்ந்த பகுதி. பழைய முகப்பை இடிக்கவிடாமல் விதி காக்கிறது. முகப்பின் கீழே தொழில் செய்பவரைக் காக்க அது போதாது. பழைய கட்டடங்களின் வாடகையை ஏற்றவிடாமல் வைத்திருந்த கட்டுப்பாடு 2000-த்தில் முடிவுக்கு வந்தபின் நகரத்தின் பழைய குடித்தனங்கள் எத்தனையோ வெளியேறின. ஓட்டலோ காப்பிக் கடையோ ஆக மாறிய வீடுகளின் வாசல் அழகாக இருக்கிறது. அங்கே உட்காரத்தான் ஆள் இல்லை.

சக்கர நாற்காலியோடு வருகிறவர்கள் காலை 10 முதல் 11-க்குள் வாருங்கள். கடை திறந்திருக்கும், சரக்கு முழுதாக வெளியே வந்திருக்காது. லெபோ குயினில் 1833-இல் எழுந்த மகாமாரியம்மன் கோயிலிலிருந்து தொடங்குங்கள். படி உயரமாக இருந்தால் பக்கத்துக் கடையில் கேளுங்கள், கை கொடுப்பார்கள்.