ஓசிடி ஸ்கோர் குறைஞ்சிருச்சு, ஆனா பையன் இன்னும் பஸ்ஸை விடுறான்: எந்த ஸ்கேல் எதை அளக்குது?

எங்க மகனுக்கு 14 வயசு, ஒன்பதாவது படிக்கிறான், ஓசிடின்னு (வேண்டாத எண்ணம் திரும்பத் திரும்ப வந்து, அதுக்காக ஒரே செய்கையைத் திரும்பத் திரும்பச் செய்ய வைக்கிற மனநோய்) தெரிஞ்சு ஒன்றரை வருஷம் ஆச்சு. பிள்ளைங்களுக்கு ஓசிடி எவ்வளவு தீவிரம்னு பாக்குற சிஒய்-பாக்ஸ் ஸ்கேலை மொத தடவை போட்டப்ப 24 வந்துச்சு. மாத்திரை, ஈஆர்பி தெரபி (பயப்படுறதை எதிர்கொண்டு, அந்தச் செய்கையைச் செய்யாம இருக்கப் பழக்குறது) எல்லாம் எட்டு மாசம் போன பெறகு திரும்பப் போட்டாங்க, 17. நல்ல முன்னேற்றம்னு சொன்னாங்க, எனக்கும் சந்தோஷம்தான். ஆனா மறுநாள் காலையிலயும் அவன் 4:45க்கே எந்திரிச்சு, 7:40க்கு செல்லூர் ரோட்டுல வர்ற ஸ்கூல் பஸ்ஸை விட்டுட்டு, அவங்க அப்பா வண்டியிலதான் கொண்டுபோய் விட்டாரு. ஏழு பாயிண்ட் குறைஞ்சிருக்கு, பஸ் மட்டும் ஏன் கெடைக்கலன்னு அன்னைக்குத்தான் யோசிக்க ஆரம்பிச்சேன், அதுக்கப்புறம் கவுன்சிலர் மேடத்துக்கிட்ட கேட்டு, படிச்சு தெரிஞ்சுக்கிட்டதை இங்க ஒண்ணா எழுதுறேன். என்னைய மாதிரி ஒரு அம்மா அப்பாவுக்கு உதவும்.

மொதல்ல சிஒய்-பாக்ஸ். பெரியவங்களுக்கு 1989ல வந்த ஸ்கேலை பிள்ளைங்களுக்குன்னு மாத்தி 1997ல வெளியிட்டாங்க. பத்து கேள்வி, ஒவ்வொண்ணுக்கும் 0லருந்து 4, மொத்தம் 40. எண்ணம் எவ்வளவு நேரம் வருது, எவ்வளவு தொந்தரவு, எவ்வளவு பதட்டம், தடுக்கப் பாக்குறியா, தடுக்க முடியுதா, இதே அஞ்சு கேள்வியை திரும்ப செய்கைகளுக்கும் கேப்பாங்க. 16லருந்து 23 நடுத்தரம், 24லருந்து 31 தீவிரம்னு பொதுவா எடுத்துக்கிறாங்க. டாக்டர் உக்காந்து பேசிப் போடுறதால நோயோட வேகத்தைப் பிடிக்க இதைவிட நல்ல ஸ்கேல் எனக்குத் தெரிஞ்சு இல்ல, மாத்திரை டோஸ் ஏத்தணுமா வேணாமான்னு முடிவெடுக்க இது ரொம்ப உதவும்.

ஆனா கணக்குப் போட்டுப் பாருங்க. "இதனால படிப்பு, பழக்கவழக்கம் எவ்வளவு கெடுது"ன்னு நேரடியா கேக்குறது பத்துல ரெண்டே கேள்விதான், 40 மார்க்குல 8. எங்க பையனுக்கு பதட்டம் குறைஞ்சுச்சு, தடுத்துப் பாக்குற தெம்பு வந்துச்சு, மார்க் அங்கதான் குறைஞ்சது. பாத்ரூம்ல அம்பது நிமிஷம் நாப்பது நிமிஷமா ஆச்சு, அம்புட்டுதான்.

அடுத்தது சிகாஸ், பிள்ளை அன்றாடம் மொத்தமா எப்படி நடந்துக்கிறான்னு பாக்குற ஸ்கேல். 1983லயே வந்தது, 4 வயசுலருந்து 16 வயசு வரைக்கும் பிள்ளைங்களுக்குன்னு செஞ்சது, 1லருந்து 100க்குள்ள ஒரே ஒரு நம்பர். வீடு, ஸ்கூல், சேக்காளிங்க எல்லாத்தையும் சேத்து, அந்தக் காலகட்டத்துல பிள்ளை ரொம்ப மோசமா இருந்த நெலைய வச்சு டாக்டர் ஒரு நம்பர் குடுப்பாரு. பத்து நிமிஷத்துல முடிஞ்சிரும், எந்த நோய்க்கும் போடலாம். கூட்டம் நெரியிற ஓபி-யில இதுதான் தோதுப்படும், அதைக் குறை சொல்ல மாட்டேன். ஆனா 55ன்னு எழுதிக் குடுத்தா, அந்த 55க்குள்ள கணக்கு நோட்டு இருக்கா டிபன் பாக்ஸ் இருக்கான்னு நான் எப்படிக் கண்டுபிடிக்கிறது?

மூணாவதுதான் என் கண்ணைத் தொறந்தது, காயிஸ்-ஆர். அமெரிக்காவுல லாஸ் ஏஞ்சலஸ் யுசிஎல்ஏ-வுல பியாசென்டினியும் கூட இருந்தவங்களும் செஞ்சது, மொத வடிவத்துல 56 கேள்வி, 2007ல சுருக்கி 33 ஆக்குனாங்க. "போன ஒரு மாசத்துல, ஓசிடியால, இந்த வேலையைச் செய்ய எவ்வளவு கஷ்டப்பட்ட?" அப்படின்னு ஒவ்வொரு வேலையா கேக்குது, 0லருந்து 3 வரைக்கும் மார்க். "ஓசிடியால" அப்படிங்கிற அந்த ஒரு வார்த்தைதான் முக்கியம், சோம்பேறித்தனத்தால வீட்டுப்பாடம் செய்யாததும் நோயால செய்ய முடியாததும் அங்க பிரிஞ்சிரும். (எங்க பையனை ஒரு டீச்சர் ரெண்டு வருஷம் சோம்பேறின்னே வஞ்சாங்க. அவன் எழுதி எழுதி அழிச்சு, ரப்பர் பட்டுப் பட்டு தாளே ஓட்டையாகி பின்பக்கத்து எழுத்து தெரியிற நோட்டை நான் இன்னும் வச்சிருக்கேன்.) இதே குழு 2003ல 151 பிள்ளைங்ககிட்ட விசாரிச்சு எழுதினதுல கிட்டத்தட்ட 90 சதவீதம் பேருக்கு ஏதாவது ஒரு விஷயத்துலயாவது பெரிய தடங்கல் இருந்துச்சு, ரொம்பப் பேர் சொன்னது பாடத்துல கவனம் நிக்கல, வீட்டுப்பாடம் முடிக்க முடியலங்கிறதுதான்.

இதுல இன்னொரு நல்ல விஷயம், பெத்தவங்களுக்கு ஒரு தாள், பிள்ளைக்கு ஒரு தாள். மேடம் என்னைய வெளியில உக்கார வச்சுட்டு அவன்கிட்ட ஒவ்வொரு கேள்வியா தமிழ்ல சொல்லிக் கேட்டாங்க. வீட்டுப்பாடத்துக்கு நான் 3 போட்டிருந்தேன், அவன் 1. அவனுக்கு ராத்திரி பதினொன்றரை வரைக்கும் எழுதுறது பழகிப்போச்சு. கூட்டாளிங்க சம்பந்தமான கேள்விக்கெல்லாம் நான் 0 போட்டேன், அவன் தனியா இருக்குறதை விரும்புற பிள்ளைன்னு நெனச்சுட்டேன். அவன் எல்லாத்துக்கும் 3. ஏன் சாமின்னு வீட்டுக்கு வந்து கேட்டா, "மத்தியானம் எல்லாரும் டிபன் பாக்ஸைத் தொறந்து ஆளாளுக்கு கையை விட்டு எடுப்பாய்ங்கம்மா, அதான் நான் மாடிப்படிக்கிட்ட போயி நின்னுக்குவேன், பாதி நாளு சாப்பிடாம மூடிருவேன்"னான். காலியான டப்பா வீட்டுக்கு வருதேன்னு நான் நிம்மதியா இருந்திருக்கேன், பஸ் ஏறுறதுக்கு முன்னாடி நாய்க்குப் போட்டுட்டு வந்திருக்கான். இது 40 மார்க்குலயும் வரல, 100 மார்க்குலயும் வரல.

காயிஸ்லயும் குறை இருக்கு. ஃப்ரெண்டு வீட்டுல ராத்திரி தங்குறதைப் பத்திக் கேள்வி வரும், நம்ம பக்கம் எத்தனை பேர் விடுறோம்? அதனால மேடம் அதை லீவுக்கு மேலூர்ல சித்தப்பா வீட்டுல போயி தங்குறதான்னு மாத்திக் கேட்டாங்க, அப்பத்தான் உண்மையான பதில் வந்துச்சு. அப்படி மாத்துனா அமெரிக்கப் பிள்ளைங்களோட நம்பரோட நம்ம நம்பரை ஒப்பிடக் கூடாது, நம்ம பிள்ளையோட போன தடவை நம்பரோட மட்டும்தான் ஒப்பிடணும். எனக்கு அது போதும்.

மாற்றுத்திறனாளி சர்டிபிகேட்டுக்கு ஐடியாஸ்ங்கிற ஸ்கேல். இந்திய மனநல மருத்துவர் சங்கம் 2002ல கொண்டுவந்தது, ஓசிடியும் அதுல அப்பவே இருந்துச்சு. தன்னைப் பாத்துக்கிறது, மத்தவங்களோட பழகுறது, பேசிப் புரிஞ்சுக்கிறது, வேலை அல்லது படிப்பு, நாலுக்கும் 0லருந்து 4, அதோட நோய் எத்தனை வருஷமா இருக்குங்கிறதுக்கு 1லருந்து 4 வரைக்கும் சேத்து மொத்தம் 20. 7 வந்தாத்தான் 40 சதவீதம், அரசு சலுகைக்கு அந்த 40 வேணும். நோய் வந்து ரெண்டு வருஷம் ஆகாத பிள்ளைக்கு கால அளவுக்கு 1தான் கெடைக்கும். சலுகை தேவைப்படுறவங்க கட்டாயம் போடணும், ஆனா தெரபி வேலை செய்யுதான்னு மூணு மாசத்துக்கு ஒருக்க பாக்க இது ரொம்ப முரட்டு அளவுகோல், உளுந்து எடைபோட லாரி எடைமேடைக்குப் போற மாதிரி.

இந்த நாலுமே ஏமாறுற ஒரு இடம் இருக்கு, அது வீடு. எங்க வீட்டுல அவன் குளிச்சுட்டு வந்தா கதவை நான்தான் தொறப்பேன், கைப்பிடியை அவன் தொடக் கூடாதுன்னு. டேங்க் தண்ணி காலியாகும்னு அவங்க அப்பா காலையில ரெண்டு தடவை மோட்டார் போடுவாரு. ஷூ லேஸ் நான் கட்டிவிடுவேன். அப்புறம் "டிரஸ் பண்ண கஷ்டமா"ன்னு கேட்டா நான் 0 போடாம என்ன போடுவேன்? அவன் கஷ்டத்தை நாங்க ரெண்டு பேரும் சுமக்குறோம், தாள்ல அது இல்லாத மாதிரி தெரியுது. இதுக்குன்னே ஃபேமிலி அக்காமடேஷன் ஸ்கேல்னு தனியா ஒண்ணு இருக்கு, 12 கேள்வி, வீட்டு ஆளுங்க நோய்க்கு எவ்வளவு வளைஞ்சு குடுக்குறாங்கன்னு கேக்கும். காயிஸை அது இல்லாம தனியா நம்பாதீங்க.

எங்கிட்ட கேட்டா சிஒய்-பாக்ஸ் டாக்டர் கையில இருக்கட்டும், கூடவே காயிஸ்-ஆர் ரெண்டு தாளும் குடும்ப ஸ்கேலும் போடச் சொல்லி நீங்களே கேளுங்க. நேரமில்லன்னா சிகாஸ் மட்டும் போட்டுட்டு, பிள்ளை செய்ய முடியாத மூணு வேலையை ஒரு தாள்ல எழுதிக் குடுங்க, பஸ் பிடிக்கிறது, மத்தியானச் சாப்பாடு, வீட்டுப்பாடம் எத்தனை மணிக்கு முடியுதுங்கிற மாதிரி.

தேதியையும் பாத்துக்கங்க. காயிஸ் போன ஒரு மாசத்தைத்தான் கேக்குது, நாங்க ரெண்டாவது தடவை மே கடைசியில போட்டுட்டோம், ஸ்கூல் கேள்விகளுக்கெல்லாம் வரிசையா 0 வந்து மொத்தம் பாதியாக் குறைஞ்சிருச்சு, மேடமே அந்தத் தாளை ஓரமா வச்சுட்டாங்க. ஜூன்ல ஸ்கூல் தொறந்து நாலு வாரம் கழிச்சு திரும்பப் போடுறோம். அதுக்குள்ள லேஸை அவனே கட்டணும்னு பேசி வச்சிருக்கோம், நேத்து கட்டுனான், 22 நிமிஷம் ஆச்சு, நான் கையைக் கட்டிக்கிட்டு பக்கத்துலயே நின்னேன்.