வாலிபால் வரைய எது நல்ல தொடக்கம்: மூன்று கோடா, நடுச் சதுரமா?

கடலூர்ப் பள்ளிகளில் விளையாட்டு விழா நெருங்கினால் பிள்ளைகள் சார்ட் பேப்பரும் கையுமாக அலைவார்கள். கிரிக்கெட் பந்துக்கு ஒரு தையல் வரி போதும், கூடைப்பந்துக்கு நான்கு கோடு போதும். வாலிபாலுக்கு வந்தால்தான் கை நின்றுவிடுகிறது. வட்டம் போட்டாகிவிட்டது, உள்ளே கோடுகள் எந்தப் பக்கம் வளைகின்றன என்பது தெரியவில்லை. இதற்கு இரண்டு வழிகள் புழக்கத்தில் இருக்கின்றன. பெரும்பாலோர் முதல் வழியில் தொடங்குகிறார்கள். இரண்டாவதில் தொடங்குவதே மேல் என்பது என் உறுதியான கருத்து.

முதலில் பந்தைக் கையில் எடுத்துப் பாருங்கள். மஞ்சக்குப்பம் மைதானத்திலோ தேவனாம்பட்டினம் கடற்கரையிலோ ஆடுகிறவர்களிடம் கேட்டால் ஐந்து நிமிடம் தர மாட்டார்களா என்ன! வழக்கமான வெள்ளைப் பந்தில் 18 பட்டைகள் உண்டு. மூன்று மூன்றாகச் சேர்ந்து ஆறு கட்டுகள். ஒரு பெட்டிக்கு ஆறு முகம் இருப்பதைப் போல, இந்தப் பந்தும் ஊதிப் பருத்த ஒரு பெட்டிதான். ஒரு முகத்தின் பட்டைகள் கிடையாக ஓடினால், பக்கத்து முகத்தின் பட்டைகள் அதற்குக் குறுக்கே திரும்பிவிடும். ஆகவே இரண்டு முகங்கள் சேரும் எந்த விளிம்பை எடுத்துக்கொண்டாலும், ஒரு பக்கத்துப் பட்டைகள் அதை ஒட்டி ஓடும், மறுபக்கத்துப் பட்டைகள் அதில் வந்து முட்டும். இந்த ஒரு விதி பிடிபட்டால் பந்து பிடிபட்டுவிடும்.

மூன்று கோட்டு முறையில் பெட்டியின் ஒரு மூலையைக் கண்ணுக்கு எதிரே வைத்துப் பார்க்கிறோம். வட்டத்தின் நடுவில் ஒரு புள்ளி. அதிலிருந்து வட்டத்தின் ஓரத்தை நோக்கி மூன்று கோடுகள். மூன்று பகுதிகள் கிடைக்கும். ஒவ்வொரு பகுதியிலும் ஒரு கோட்டை ஒட்டி இரண்டு கோடுகள் போட்டால் பட்டைகள் வந்துவிடும். இரண்டு நிமிட வேலை. தூரத்திலிருந்து பார்த்தாலே வாலிபால் என்று தெரிந்துவிடும். நோட்டு அட்டைக்கும், அணியின் சின்னத்துக்கும், சுவரில் சுண்ணாம்பால் எழுதும் அறிவிப்புக்கும் இதைவிட எளிய வழி கிடையாது.

ஆனால் இதில் ஒரு பொறி இருக்கிறது. முதல் பகுதியில் வலது கோட்டை ஒட்டிப் பட்டை போட்ட பிள்ளை, அடுத்த பகுதியில் இடது கோட்டை ஒட்டிப் போட்டுவிடும். அப்போது ஒரு கோட்டின் இரு பக்கமும் பட்டைகள் ஒட்டி ஓடும், இன்னொன்றில் இரு பக்கமும் வந்து முட்டும். ஏதோ தவறு என்று கண்ணுக்குத் தெரியும், எது என்று சொல்ல வராது. அழித்து அழித்துத் தாள் கிழிந்ததுதான் மிச்சம். மூன்று பகுதியிலும் ஒரே பக்கத்துக் கோட்டையே பற்றிக்கொள்ள வேண்டும் என்று யாராவது முன்பே சொல்லித் தர வேண்டும்.

இன்னொன்று, மூன்று கோடுகளையும் காற்றாடி இறக்கை மாதிரி ஒரே பக்கமாக வளைத்துப் போடுவது வழக்கமாகிவிட்டது. அழகாகத்தான் இருக்கிறது. ஆனால் உண்மையான பந்தின் மூலையைக் கண்ணுக்கு நேராகப் பிடித்தால் மூன்றும் ஏறக்குறைய நேராகவே தெரியும். மூலையைச் சற்றுத் தள்ளிப் பிடித்தால்தான் வளைவு வரும், அந்த வளைவும் வட்டத்தின் மையத்தைவிட்டு வெளியே புடைக்கும். அலங்காரத்துக்குப் போட்ட வளைவையே பந்தின் வடிவம் என்று நம்பிக்கொண்ட மாணவர், பந்தைக் கொஞ்சம் திருப்பி வரையச் சொன்னால் திகைத்துவிடுகிறார். ஒரே ஒரு பந்து மட்டும் வரையத் தெரிந்தவராக நின்றுவிடுகிறார். இதுதான் எனக்குள்ள பெரிய மனக்குறை.

நடுச் சதுர முறையில் பெட்டியின் ஒரு முகம் நேராக நம்மைப் பார்க்கிறது. காம்பஸில் 5 செ.மீ. ஆரம் வைத்து வட்டம் போடுங்கள். மையத்திலிருந்து மேலே, கீழே, இடம், வலம் நான்கு திசையிலும் 3.5 செ.மீ. தள்ளிப் புள்ளி வையுங்கள். நான்கு மூலைத் திசைகளில் 4.1 செ.மீ. தள்ளிப் புள்ளி வையுங்கள். எட்டுப் புள்ளிகளையும் வெளிப்பக்கம் லேசாகப் புடைத்த கோடுகளால் சேர்த்தால் தலையணை போன்ற ஒரு சதுரம் கிடைக்கும். அதற்குள் மையத்துக்கு மேலும் கீழும் 1.3 செ.மீ. தள்ளி, நடுவில் சற்றே புடைத்த இரண்டு கிடைக்கோடுகள். மேல் விளிம்பை மூன்றாகப் பிரித்து, அங்கிருந்து வட்டத்தின் ஓரம் வரை கதிர்போல விரியும் இரண்டு கோடுகள். கீழேயும் அப்படியே. இடமும் வலமும் வட்டத்தின் ஓரத்தை ஒட்டி, மையத்திலிருந்து 4.8 செ.மீ. தூரத்தில் ஆளுக்கு ஒரு வளைகோடு மட்டும். அங்கே இரண்டு கோடு போடத்தான் எல்லாருக்கும் கை போகும். வேண்டாம், இரண்டாவது கோடு பந்தின் பின்பக்கத்தில் இருக்கிறது. முடித்ததும் எண்ணிப் பாருங்கள், 13 பட்டைகள் தெரிய வேண்டும்.

அளவு வைத்து வரைவதால் முதல் முறையைவிட நேரம் கூடுதலாகும். சிறு பிள்ளைகளுக்கு ஸ்கேலைப் பிடிக்கும் பொறுமை இருக்காது, உண்மைதான். ஆனால் பட்டை எங்கே முட்டுகிறது, எங்கே ஒட்டி ஓடுகிறது என்பது இதில் ஒளிவுமறைவின்றித் தெரிகிறது. சதுரத்தை இடப்பக்கம் நகர்த்தினால் பந்து இடப்பக்கம் திரும்புகிறது, வலப்பக்கத்து முகம் கூடுதலாகத் தெரியத் தொடங்குகிறது. ஸ்மாஷ் அடிக்கும் வீரரின் கைக்கு மேலே பந்து வரைய வேண்டுமென்றால் இந்த அறிவுதான் கைகொடுக்கும். பத்து வயதுக்கு மேற்பட்ட யாருக்கும் நான் இதையே முதலில் சொல்லித் தருவேன். இது வந்துவிட்டால் மூன்று கோட்டு முறை தானாக வரும். அங்கிருந்து இங்கே வருவது கடினம்.

வட்டத்தைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. காம்பஸோ, டப்பா மூடியோ, எது கைக்கு வந்தாலும் சரி. நிஜ அளவில் வரைய ஆசைப்படுகிறவர்கள் மட்டும் ஒன்றைக் கவனிக்க வேண்டும். பந்தின் சுற்றளவு 65 முதல் 67 செ.மீ., ஆகவே விட்டம் ஏறக்குறைய 21 செ.மீ. ஏ4 தாளின் அகலமும் அதே 21 செ.மீ.தான், பந்து இரு ஓரத்தையும் இடித்துக்கொண்டு நிற்கும். சார்ட் பேப்பரே வாங்கிவிடுங்கள்.

நிழல் தீட்டுவதில் இரு முறைக்கும் வேறுபாடு கிடையாது. நம் கடற்கரையில் காலை வெயில் கடல் பக்கமிருந்து வரும், அந்தப் பக்கத்துக் கோடுகளை மெல்லியதாகவும் எதிர்ப்பக்கத்துக் கோடுகளை 2பி பென்சிலால் அழுத்தமாகவும் போடுங்கள். எல்லாக் கோடுகளும் ஒரே கனத்தில் இருந்தால் பந்து தட்டையாகிவிடும்.

மஞ்சளும் நீலமுமாகச் சர்வதேசப் பந்து வேண்டும் என்று கேட்பவர்கள், எந்த ஆண்டுப் படத்தைப் பார்த்து வரைகிறோம் என்று முதலில் பார்த்துக்கொள்ள வேண்டும். 2008இல் சர்வதேசப் போட்டிகளுக்கு வந்த மிகாசா நிறுவனத்தின் பந்தில் எட்டே துண்டுகள், அவையும் சுழன்று வளைந்தவை. 2012 லண்டன் ஒலிம்பிக் படத்தை வைத்துக்கொண்டு மேலே சொன்ன இரண்டு முறையில் எதை முயன்றாலும் கோடு பொருந்தாது. 2019இல் வந்த அடுத்த பந்தில் மறுபடியும் 18 துண்டுகள். முதன்முறை வரைகிறவர்கள் உள்ளூர்க் கடையில் கிடைக்கும் வெள்ளைப் பந்தையே மாதிரியாக வைத்துக்கொள்ளட்டும், வண்ணத்தைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம்.