பராமரிப்பு நிறுவனத்தின் தரம் கொட்டேஷனிலேயே தெரியும்: ஓ.எம்.ஆர். அடுக்குமாடிக் குடியிருப்பு அனுபவம்

நாவலூர், சிறுசேரி, பெரும்பாக்கம் என்று சென்னை ஓ.எம்.ஆர். (பழைய மாமல்லபுரம் சாலை) வட்டாரத்தில் இருக்கும் இருநூறு, முந்நூறு வீட்டுக் குடியிருப்புகளில் பில்டர் சாவியைக் கொடுத்துவிட்டுப் போனதும் அசோசியேஷன் செய்கிற முதல் வேலை, மூன்று பராமரிப்பு நிறுவனங்களிடம் கொட்டேஷன் வாங்கிக் குறைந்ததைத் தேர்ந்தெடுப்பது. பல ஆண்டுகளாக நிறுவனத்தை வைத்து வேலை வாங்கியதில் எங்கள் முடிவு இதுதான்: நாம் கொடுக்கும் தொகையில் எவ்வளவு வேலை செய்பவர் கைக்குப் போய்ச் சேர்கிறதோ அந்த அளவுதான் சேவையும் இருக்கும். காவலாளி தூங்குவது, மோட்டார் எரிவது, எஸ்.டி.பி. (கழிவுநீர்ச் சுத்திகரிப்பு நிலையம்) நாறுவது என்று கூட்டத்துக்குக் கூட்டம் பேசும் குறைகளில் முக்கால்வாசி அங்கிருந்துதான் கிளம்புகின்றன.

அதனால் கொட்டேஷனை மொத்தத் தொகையாக வாங்கவே கூடாது. ஒவ்வொரு பதவிக்கும் பிரித்து எழுதித் தரச் சொல்ல வேண்டும். ஒரு ஹவுஸ்கீப்பிங் பணியாளரின் மாதச் சம்பளம் 13,000 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். நிறுவனத்தின் பங்காக பி.எஃப். 13 சதவீதம், அதாவது 1,690. இ.எஸ்.ஐ. 3.25 சதவீதம், 422. போனஸ் 8.33 சதவீதம், 1,083. கூட்டினால் 16,195. வார விடுமுறை நாளில் மாற்று ஆளாக வரும் ரிலீவருக்கு ஆறில் ஒரு பங்கு, 2,699. இதன்மேல் 8 சதவீத சர்வீஸ் சார்ஜும் 18 சதவீத ஜி.எஸ்.டி.யும் போட்டால் ஏறக்குறைய 24,080 வரும். சீருடை, கையுறை, துடைப்பம் இன்னும் சேரவில்லை. இதே ஆளை வரியோடு 17,500க்குத் தருகிறேன் என்று ஒருவர் வந்தால் வரியைக் கழித்துப் பாருங்கள்: 14,830தான் மிச்சம். சம்பளமும் பி.எஃப்.பும் இ.எஸ்.ஐ.யும் சேர்ந்தே 15,112 ஆகிறபோது அவர் எதைக் கட்டாமல் விடப் போகிறார் என்பது அந்தத் தாளிலேயே இருக்கிறது. இந்தக் கணக்கைச் செயற்குழுவில் எல்லோர் முன்னாலும் போட்டுக்காட்டுவது நல்லது. "அவன் குறைவாகத் தருகிறானே" என்ற பேச்சு அதோடு நின்றுவிடும்.

சம்பளத்தைப் படிகளாகப் பிரித்து அடிப்படையைச் சுருக்கிக் காட்டும் பழக்கம் ஒன்று உண்டு. பி.எஃப். குறையும் என்பதற்காகச் செய்வது. 2025 நவம்பர் 21 அன்று நடைமுறைக்கு வந்த தொழிலாளர் சட்டத் தொகுப்புகளின்படி, படிகள் மொத்தத்தில் பாதியைத் தாண்டினால் தாண்டிய தொகையும் ஊதியமாகவே கணக்காகும். பழைய மாதிரியிலேயே பிரித்து அனுப்பும் நிறுவனத்தைத் திருத்தித் தரச் சொல்லுங்கள். திருத்த மறுத்தால் அந்த இடத்திலேயே பேச்சை முடித்துவிடலாம்.

பில்லில் ரிலீவருக்கான தொகையில்தான் அதிகம் ஏமாறுகிறோம். 24 மணி நேரமும் ஆள் நிற்க வேண்டிய ஒரு வாயிலுக்கு 8 மணி நேர ஷிஃப்ட் என்றால் வாரத்துக்கு 21 ஷிஃப்ட். ஒருவர் வாரத்தில் 6 ஷிஃப்ட்தான் பார்க்கலாம் என்பதால் 3.5 ஆள் தேவை. 12 மணி நேர ஷிஃப்ட் ஆனாலும் 2.33 ஆள் வேண்டும். அதில் கூடுதல் நேரத்துக்கு இரு மடங்கு ஓவர்டைமும் சேர வேண்டும். பில்லில் ரிலீவருக்குப் பணம் இருக்கும், வாயிலில் ரிலீவர் இருக்க மாட்டார். இரவு நின்றவரே காலையிலும் நிற்பார். டபுள் டியூட்டி பார்க்கும் அவரைத் தூங்குகிறார் என்று குற்றம் சொல்வது நியாயமே இல்லை. வருகைப் பதிவேட்டை மாதம் ஒருமுறை எடுத்து, தொடர்ந்து இரண்டு ஷிஃப்டில் ஒரே பெயர் எத்தனை முறை வருகிறது என்று எண்ணினால் போதும். டபுள் டியூட்டிக்கு அந்த ஷிஃப்டின் தொகையைப் பில்லில் பிடித்துக்கொள்ளலாம் என்று ஒப்பந்தத்திலேயே எழுதிவிட வேண்டும்.

பி.எஃப்., இ.எஸ்.ஐ. இரண்டுக்கும் கெடு அடுத்த மாதம் 15ஆம் தேதி. ஜூன் மாத பில் ஜூலை முதல் வாரம் வரும்போது ஜூன் சலான் இருக்காது. மே மாத சலானைக் கேட்டு வாங்கிய பிறகே ஜூன் பில்லுக்குப் பணம் விட வேண்டும். கம்பெனி முழுமைக்குமான சலானின் முதல் பக்கத்தை மட்டும் அனுப்பிவைப்பார்கள். அதில் நம் ஆட்கள் இருக்கிறார்களா என்று தெரியாது. பெயர் வாரியாக இருக்கும் இ.சி.ஆர். (மின்னணு சலானும் கணக்கு விவரமும்) பக்கங்கள் வேண்டும். இரண்டு மூன்று பணியாளர்களிடம் அரசின் உமங் செயலியில் பி.எஃப். பாஸ்புக்கைத் திறந்து பார்க்கச் சொன்னால் அவர்களுக்கும் தெளிவு, நமக்கும் தெளிவு. நிறுவனம் கட்டாமல் விட்டால் ஒப்பந்த நிறுவனத்தை அமர்த்திய முதன்மை வேலையளிப்பவர் என்ற முறையில் கேள்வி அசோசியேஷன் பக்கம் திரும்பக்கூடும் என்பதைப் பலர் யோசிப்பதில்லை. செக்யூரிட்டி தரும் நிறுவனம் என்றால் 2005ஆம் ஆண்டுத் தனியார் பாதுகாப்பு முகமைச் சட்டப்படியான உரிமம் நடப்பில் இருக்கிறதா என்றும் பாருங்கள்.

அடுத்து, அவர்கள் இப்போது பார்க்கும் குடியிருப்பு ஒன்றுக்குப் போய்ப் பார்ப்பது. வரவேற்பறையைப் பார்த்துப் பயனில்லை. எல்லா லாபியும் பளபளவென்றுதான் இருக்கும். ஷிஃப்ட் மாறும் நேரத்தில் போய் நேராக மோட்டார் ரூமுக்கு இறங்குங்கள். இரண்டு மாதத்துக்கு முந்தைய லாக்புக்கைக் கேளுங்கள். தினமும் ஒரே பிரஷர், ஒரே வோல்டேஜ், ஒரே கையெழுத்து, ஒரே பேனா மை என்றால் மாதக் கடைசியில் உட்கார்ந்து எழுதியது. வாயிலில் நிற்பவரிடம் சம்பளம் எத்தனாம் தேதி வந்தது என்று தன்மையாகக் கேளுங்கள். 2023 டிசம்பர் மிக்ஜாம் புயலில் அந்தக் குடியிருப்பில் என்ன செய்தார்கள், பேஸ்மென்ட்டில் தண்ணீர் ஏறியபோது யார் டியூட்டியில் இருந்தார், பம்ப்பை எதில் ஓட்டினார்கள் என்று விசாரியுங்கள். அன்று வேலை பார்த்தவர்கள் கோர்வையாகச் சொல்வார்கள்.

எஸ்.டி.பி.யைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் ஒரு நிறுவனத்தின் தொழில் அறிவு அங்கேதான் வெளிப்படுகிறது. அவர்கள் அனுப்பும் ஃபெசிலிட்டி மேனேஜரைப் பிளான்ட்டுக்கு அழைத்துப்போய் அரை மணி நேரப் படிவுச் சோதனையைச் செய்துகாட்டச் சொல்லுங்கள். காற்றேற்றும் தொட்டியிலிருந்து ஒரு லிட்டர் அளவுக் குடுவையில் தண்ணீரை எடுத்து அசையாமல் வைக்க வேண்டும். 30 நிமிடத்தில் சேறு 250 முதல் 400 மில்லி வரை படிந்து, மேலே தண்ணீர் தெளிவாக நின்றால் பிளான்ட் ஒழுங்காக ஓடுகிறது. 100க்குக் கீழே என்றால் பாக்டீரியா போதவில்லை. 600, 700 என்று நின்றால் அதிகச் சேற்றை வெளியேற்றவில்லை அல்லது சேறு படியும் தன்மையை இழந்துவிட்டது. நிறமும் பேசும்: பழுப்பு நல்லது, கறுத்து, அழுகிய முட்டை வாடை அடித்தால் காற்று போதவில்லை. பெரும்பாலும் இ.பி. பில்லைக் குறைக்க தொட்டிக்குக் காற்று ஊதும் புளோயரை இரவில் நிறுத்துகிறார்கள், இல்லையென்றால் ஒரு புளோயரின் பெல்ட் அறுந்து, ஸ்டாண்ட்பை புளோயரும் ஏற்கெனவே கெட்டுப்போய்க் கிடக்கும். காற்று இல்லாமல் பல மணி நேரம் போனால் பாக்டீரியா செத்துவிடும். பிறகு வேறு பிளான்ட்டிலிருந்து உயிருள்ள சேற்றைக் கொண்டுவந்து விட்டாலும் சரியாக வாரக்கணக்கில் ஆகும்.

சேற்றை ஃபில்டர் பிரஸ்ஸில் பிழிந்து வெளியேற்றுவது அழுக்கான வேலை. ஆள் குறைவாக இருக்கும் இடத்தில் இதைத்தான் முதலில் தள்ளிப்போடுவார்கள். தங்கிய சேறு வழிந்து மணல் ஃபில்டரை அடைக்கும், அதன் பிறகு ஃப்ளஷ் டேங்கில் மஞ்சள் தண்ணீர் வரும், வீட்டுக்காரர்கள் வாடை என்று புகார் செய்வார்கள், உடனே ஹைப்போவை (குளோரின் கரைசல்) இரட்டிப்பாக ஊற்றுவார்கள். வாடை இரண்டு நாள் அடங்கும். நோய் தொட்டியில் இருக்க, மருந்து குழாயில் ஊற்றப்படுகிறது. ஆகவே மாதம் எத்தனை முறை சேறு பிழியப்பட்டது, எத்தனை கிலோ வெளியே போனது என்ற பதிவு நமக்கு வந்தாக வேண்டும். இன்னொன்று: எந்த நிலையிலும் தொட்டிக்குள் ஆளை இறக்கிச் சுத்தம் செய்யக் கூடாது. மலம் அள்ளும் வேலைக்கெதிரான 2013ஆம் ஆண்டுச் சட்டம் இருக்கிறது என்பதற்காக மட்டும் சொல்லவில்லை, அந்த வாயு ஒரு நொடியில் உயிரை எடுக்கும். ஒப்பந்தத்தில் தனி வரியாக இதை எழுதுங்கள்.

மற்ற இயந்திரங்களுக்குச் சில அடையாளங்கள் போதும். பிரஷர் பம்ப் சில விநாடிக்கு ஒருமுறை ஓடி ஓடி நின்றால் பிரஷர் டேங்கில் காற்று இறங்கிவிட்டது. கவனிக்காமல் விட்டால் மோட்டாரை ஓடவிட்டு நிறுத்தும் சுவிட்சான கான்டாக்டர் போகும், பிறகு மோட்டாரின் கம்பிச்சுருள் எரியும். தீயணைப்பு பேனல் ஆட்டோவில் இருக்க வேண்டும். எங்கோ கசிவதால், குழாயில் அழுத்தம் இறங்காமல் காக்கும் சிறிய ஜாக்கி பம்ப் ஓடிக்கொண்டே இருக்கிறது என்று மேனுவலுக்கு மாற்றி வைத்துவிடுவார்கள், யாருக்கும் தெரியாது. மாதம் ஒருமுறை டெஸ்ட் வால்வைத் திறந்தால் ஜாக்கி, மெயின், டீசல் என்று பம்ப்புகள் வரிசையாக ஓடத் தொடங்க வேண்டும். ஜெனரேட்டர் நல்ல லோடில் லிட்டருக்கு 3 முதல் 3.5 யூனிட் தரும். அதைவிட மிகக் குறைந்தால் லோடு குறைவா, டீசல் எங்காவது போகிறதா என்று பார்க்க வேண்டும்.

டீசல், தண்ணீர் டேங்கர், லிஃப்ட் ஏ.எம்.சி. (ஆண்டுப் பராமரிப்பு ஒப்பந்தம்) மூன்றையும் நிறுவனத்திடம் கொடுக்காதீர்கள். டேங்கரை ஆர்டர் செய்பவரும் லோடு எண்ணுபவரும் பில்லுக்குக் கையெழுத்து போடுபவரும் ஒருவராக இருக்கக் கூடாது. 12,000 லிட்டர் லாரி என்றால் சம்ப்பின் மட்டத்தை முன்னும் பின்னும் அளந்து எழுத வேண்டும்; தண்ணீரின் உப்பளவைக் காட்டும் டி.டி.எஸ். மீட்டரில் ஒருமுறை பார்த்த பிறகே குழாயைப் போட விட வேண்டும். லிஃப்டுக்கு அதைத் தயாரித்த கம்பெனியோடு அசோசியேஷன் நேரடி ஒப்பந்தம் வைத்துக்கொள்வது நல்லது. மைகேட், அடா போன்ற குடியிருப்பு நிர்வாகச் செயலிகளின் அட்மின் லாகின், சிசிடிவி பாஸ்வேர்டு, வங்கிக் கணக்கு எல்லாம் அசோசியேஷன் பெயரில்தான் இருக்க வேண்டும்.

புதிய நிறுவனத்தைப் பற்றி முதல் இரண்டு மாதத்தில் யாரும் குறை சொல்ல மாட்டார்கள். தொடக்கத்துக்கென்றே தேர்ந்த ஆட்களை அனுப்புவார்கள். மூன்றாவது மாதம் அவர்கள் அடுத்த சைட்டுக்குப் போய்விடுவார்கள், மேனேஜரும் மாறுவார். எங்கள் எழுத்து ஒப்புதல் இல்லாமல் மேனேஜரையும் எலக்ட்ரீஷியனையும் ஓராண்டுக்கு மாற்றக் கூடாது என்று போட்டுக்கொள்ளுங்கள். இவர்களில் ஒருவர் தானே வேலையை விட்டால் புதியவரோடு 15 நாள் ஒன்றாக வேலை பார்த்து ஒப்படைக்க வேண்டும். இடையில் விலக முடியாத லாக்-இன் காலத்தை ஏற்காதீர்கள். காரணம் சொல்லாமல் 30 நாள் நோட்டீஸில் வெளியேறும் உரிமை இருந்தால்தான் மற்ற பிரிவுகளுக்கு வலு. ஆண்டுதோறும் "10 சதவீத உயர்வு" என்ற வரியையும் அடியுங்கள். தமிழக அரசு ஏப்ரல் 1ஆம் தேதி அறிவிக்கும் பஞ்சப்படி உயர்வையும் அதைச் சார்ந்த பி.எஃப்., இ.எஸ்.ஐ.யையும் கொடுத்தால் போதும், ஆனால் அந்த உயர்வு பணியாளரின் சம்பளச் சீட்டில் தெரிய வேண்டும்.

ஒரு வீட்டின் மாத மெயின்டனன்ஸ் 7,500 ரூபாயைத் தாண்டும் குடியிருப்பு என்றால், தாண்டிய தொகைக்கு மட்டுமே ஜி.எஸ்.டி. என்ற 2021ஆம் ஆண்டு சென்னை உயர் நீதிமன்றத் தீர்ப்பை ஆடிட்டரிடம் காட்டிக் கேளுங்கள்.

நிறுவனத்தை மாற்றும் நாளில் இரு தரப்பும் கூடவே நின்று இ.பி. மீட்டர், தண்ணீர் மீட்டர், ஜெனரேட்டர் ஓடிய நேரத்தைக் காட்டும் ஹவர் மீட்டர், டீசல் மட்டம், தண்ணீர் சாஃப்டனருக்கான உப்பு மூட்டை, சாவிக் கொத்து எல்லாவற்றையும் படமெடுத்துக் கையெழுத்து வாங்க வேண்டும். நல்ல ஹவுஸ்கீப்பிங் ஆட்கள் புதிய நிறுவனத்தில் தொடர விரும்புவார்கள். பழைய நிறுவனம் அதைத் தடுக்கும் பிரிவு வைத்திருந்தால் கையெழுத்திடும்போதே நீக்கியிருக்க வேண்டும். கடைசி மாதச் சம்பளத்தை இழுத்தடிப்பது இந்தத் தொழிலில் சாதாரணம். ஆகவே பழைய நிறுவனத்தின் கடைசி பில்லை, எல்லோருக்கும் சம்பளம் வங்கியில் ஏறியதற்கான பட்டியலும் அந்த மாத சலானும் கைக்கு வந்த பிறகே தீர்க்க வேண்டும்.